டன்பார் துரை நனைந்த வீடு

பொன்ராஜின் வீட்டுக்கு நூற்றுப் பதினைந்து வயது என்பது அந்தப் புரட்டாசி மாதத்து வியாழக்கிழமை காலை பத்து மணி வரைக்கும் பொன்ராஜுக்குத் தெரியாது. அது ஒழுகும் என்பது தெரியும். எங்கே ஒழுகும், எந்த மழைக்கு எத்தனை சொட்டு என்பதெல்லாம்கூட அத்துப்படி. ஆனால் அந்த மாதிரி அறிவை யாரும் வரலாறு என்று ஒப்புக்கொள்வதில்லை.

குன்னூருக்குக் கீழே, பெல்மவுண்ட் எஸ்டேட்டில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைனில் ஏழாம் நம்பர் வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அடுப்படி, இரண்டுக்கும் மேலே தகரம். பொன்ராஜின் தாத்தா புஞ்சைப் புளியம்பட்டியிலிருந்து மலையேறி வந்த நாளிலிருந்து குடும்பம் அங்கேதான் இருக்கிறது. வேலை இருக்கிற வரை வீடு இருக்கும், வேலை போனால் வீடும் போகும் என்பது எஸ்டேட் சட்டம். பொன்ராஜுக்கு வேலை, ஃபேக்டரியில் தேயிலையை உலர்த்துகிற ட்ரையர் அடுப்புக்கு விறகு தள்ளுகிற ஃபயர்மேன். தேயிலை விலை விழுந்து, எழுந்திருக்கிற எண்ணமே இல்லாமல் படுத்துவிட்ட வருஷங்கள் அவை. ஃபேக்டரி முதலில் வாரத்துக்கு மூன்று நாள் ஓடியது. அப்புறம் ஒரு நாள். அப்புறம் மேனேஜர் ஒரு வாரம் லீவு என்று சொல்லிவிட்டுக் காரில் மலையிறங்கிப் போனார். அந்த வாரம் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது.

ஆபீசில் மிச்சமிருந்த ஒரே கிளார்க்கிடம் எழுதிக் கொடுத்து, மூடிக்கிடந்த ஃபேக்டரியின் மாடியிலிருந்து இரண்டு நல்ல தகரம் வாங்கி வைத்திருந்தான் பொன்ராஜ். அவசரம் இருந்தது. காரமடையில் கட்டிக்கொடுத்த மகள் ராஜகுமாரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒன்பது மாதம். வீட்டில் தொட்டில் கட்ட ஒரே ஒரு உத்தரம்தான் உண்டு. ஒழுகல் சரியாக அதன் பக்கத்தில்தான் விழும். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த இடத்தை அடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவன் வாழ்க்கையிடம் அந்த மாதம் கேட்டது.

அவன் கூரை மேல் ஏறிப் பழைய தகரத்தின் முதல் ஆணியைப் பிடுங்கிய நேரத்தில்தான் ஜீப் வந்தது. அதிலிருந்து கழுத்தில் மப்ளரும் கையில் குடையுமாக ஒருவர் இறங்கி, கொலை நடக்கிற இடத்துக்கு வந்துவிட்டவர் போலக் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். சமவெளியில் ஏதோ ஒரு துறையில் பெரிய பதவி பார்த்து ஓய்வு பெற்று, மலையில் ஒரு காட்டேஜ் வாங்கிக் குடியேறிய பாலசுப்பிரமணியம். இப்போது அவர் 'நீலமலைத் தொன்மை இல்லங்கள் மற்றும் சிறு சமூகங்கள் பாதுகாப்புப் பேரவை'யின் செயலாளர். பின்னாலேயே அளவு நாடாவோடு இறங்கிய பையன் கமலேஷ், பேரவையின் கட்டடக் கலை ஆலோசகர். பையன் என்றாலும் முப்பது வயது இருக்கும்.

பிடுங்கிய ஆணியைப் பத்திரமாக அதே ஓட்டையில் வைத்துவிட்டு இறங்கி வரும்படி செயலாளர் சொன்னார். பொன்ராஜ் இறங்கினான். விஷயம் இதுதான். எஸ்டேட்டின் முதல் மேனேஜர் ஆர்ச்சிபால்ட் டன்பார் என்கிற துரையின் டைரி லண்டனில் யார் வீட்டுப் பரணிலோ கிடைத்திருக்கிறது. அவர் பங்களா கட்டி முடியாமல் இருந்த 1886-ல், காய்ச்சல் வந்து பதினோரு நாள் கூலி லைன் ஏழாம் நம்பரில் படுத்துக் கிடந்தாராம். ஆக, இது தொன்மை இல்லம், முதல் வகுப்பு.

பொன்ராஜ் கணக்குப் பார்த்தான். அந்த வீட்டில் அவன் தாத்தா நாற்பது வருஷம் படுத்திருக்கிறார், அப்பன் அங்கேயே படுத்து அங்கேயே செத்தும் போனார். அதைச் சொல்லிப் பார்த்தான். செயலாளர் அதைக் கனிவோடு கேட்டுக்கொண்டு, அவர்கள் டைரி எழுதினார்களா என்று விசாரித்தார்.

இரண்டு தகரமும் 'அங்கீகாரமற்ற நவீனப் பொருள்' என்று எழுதப்பட்டு, வந்த இடத்துக்கே, ஃபேக்டரிக்குள்ளேயே வைத்துப் பூட்டப்பட்டன. கம்பெனிக்கு ஏக சந்தோஷம். இடிந்து விழப்போகிற ஒரு லைனைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்துவிட்டார்கள். பொன்ராஜின் ஃபயர்மேன் உத்தியோகம் அன்றோடு முறைப்படி தீர்ந்து, அவன் 'இல்லக் காப்பாளர்' ஆனான். காப்பாளராக இருக்கிற வரை வீட்டில் இருக்கலாம். வீட்டில் ஓர் ஆணியைத் தொட்டால் காப்பாளர் இல்லை. காப்பாளர் இல்லை என்றால் வீடும் இல்லை. மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

அப்புறம் பேரவையின் பெயரில் பாதியாக இருந்த 'சிறு சமூகங்கள்' பகுதிக்கு ஒரு படிவம் நிரப்பவேண்டி வந்தது. உங்கள் சமூகத்தின் ஜனத்தொகை என்ன என்று கமலேஷ் கேட்டான். லைனில் பதினோரு வீடு, எட்டில் ஆள் இருக்கிறது, மூன்று பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள் என்றான் பொன்ராஜ். பாரம்பரிய நடனம் உண்டா என்பது அடுத்த கேள்வி. இல்லை. மரபான சடங்கு? பொன்ராஜ் சங்கடப்பட்டான். வந்தவர்கள் இவ்வளவு தூரம் ஆசையாகக் கேட்கிறார்கள், எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் நன்றாக இருக்குமா?

"ட்ரையருக்கு வெறகு தள்ளுவனுங்க. நெருப்பு அணையாம பாத்துக்கோணும். எங்கப்பனும் அதேதானுங்க" என்றான்.

கமலேஷ் தயங்கினான். செயலாளர் அவன் கையிலிருந்து படிவத்தை வாங்கி, 'தலைமுறை தலைமுறையாக நெருப்பைப் பேணும் சிறு சமூகம்' என்று தானே எழுதி, அடியில் கோடும் போட்டார்.

அடுத்த வாரம் வீட்டை அதன் மூல நிலைக்குக் கொண்டுவரும் பணி தொடங்கியது. டி.வி. ஆன்டெனா இறங்கியது. கரண்ட் பல்பு பார்வையாளர் வராத நேரத்தில் மட்டும் எரியலாம். அடுப்படிப் புகைக்கரி தொன்மையானது, துடைக்கக் கூடாது. முன்னறைச் சுவர் நீலச் சுண்ணாம்பைத் தினம் ஒரு சாண் சுரண்டி, உள்ளே எத்தனை பூச்சு இருக்கிறது என்று கமலேஷ் எண்ணினான். மூன்றாவது நாள் கதவுக்குப் பக்கத்தில் கரிக்கோடுகள் வந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, ஏணிப்படி மாதிரி. ராஜகுமாரி நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் அவளைச் சுவரோடு நிற்க வைத்துத் தலைக்கு மேலே பொன்ராஜ் போட்ட உயரக் கோடு. மேலே சுண்ணாம்பு அடித்து வருஷம் ஏழாகிறது. அவன் மறந்தே போயிருந்தான். கீழேயிருந்து ஒவ்வொன்றாக எண்ணினான்.

செயலாளர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். டன்பார் துரை கல்யாணமே ஆகாதவர் என்பதால், குழந்தை உயரம் எதுவும் இந்த வீட்டின் வரலாற்றில் வராது என்று முடிவானது. 'பிற்கால அத்துமீறல்' என்று குறித்துக்கொண்டு மொத்தத்தையும் சுரண்டச் சொன்னார். கமலேஷ் சுரண்டினான். அவனுக்கும் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது, ஆனால் அவனுக்கும் அது உத்தியோகம். வாசலில் உட்கார்ந்திருந்த ராஜகுமாரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடைசியாக ஒழுகல். இதற்காவது ஒரு வழி பிறக்கும் என்று பொன்ராஜ் எதிர்பார்த்திருந்தான். செயலாளர் டைரியின் ஒரு பக்கத்தைத் தமிழாக்கி வாசித்துக் காட்டினார்: 'இரவெல்லாம் கூரையிலிருந்து நீர் என் நெற்றியில் விழுந்தது.' ஆக, ஒழுகல்தான் இந்த வீட்டின் முதன்மைச் சான்று. மற்றதெல்லாம் மாறிவிட்டது, அது ஒன்றுதான் துரை விட்டுப்போனபடியே இருக்கிறது. அதற்கு 'டன்பார் ஒழுகல்' என்று பெயரிட்டு, வரைபடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டார்கள். பொன்ராஜின் மனைவி பாப்பம்மாள் அந்த இடத்தில் வைத்திருந்த பெயிண்ட் டப்பாவை எடுத்துவிட்டு, அந்தக் காலத்துக்குப் பொருத்தமான ஒரு செம்புப் பாத்திரத்தைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

பாப்பம்மாள் அதைத் தட்டிப் பார்த்தாள். "டப்பாவுல இருபது லிட்டர் புடிக்குமுங்க. இதுல மூணு படி தண்ணி நிக்காது" என்றாள்.

திறப்பு விழா ஐப்பசி ஒன்று. மெட்ராசிலிருந்து தலைமை விருந்தினர் வந்தார், மாலையோடும் மனைவியோடும். துரை படுத்த மாதிரி ஒரு கயிற்றுக் கட்டிலை எங்கிருந்தோ கொண்டுவந்து, சிவப்பு வட்டத்துக்கு நேர் கீழே போட்டிருந்தார்கள். விருந்தினர் அதில் ஒரு நிமிஷம் படுத்து, அந்தத் துளியைத் தன் நெற்றியில் வாங்குவது நிகழ்ச்சி நிரலில் நான்காவது அம்சம். வந்தது வெயில். இரண்டு வாரம் மூட்டமாக இருந்த வானம் அன்றைக்கென்று கழுவி விட்டதுபோலக் கிடந்தது. செயலாளர் வானத்தையும் கைக்கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு காப்பாளரைத் தனியே அழைத்து ஒரு பூவாளியைக் கையில் கொடுத்தார்.

ஆக, தன் வீட்டுக் கூரையை அடைக்க ஏறியவனைக் கையை ஆட்டி இறக்கிய அதே மனுஷர், மூன்று வாரம் கழித்து அவனையே ஏணி வைத்து ஏற்றினார். பொன்ராஜ் கூரையில் குப்புறப் படுத்து, கீழேயிருந்து கமலேஷ் இருமுகிற சைகைக்குக் காத்திருந்து, தன் வீட்டுக்குள் தானே தண்ணீர் ஊற்றினான். பழக்கமான ஓட்டை என்பதால் குறி தப்பவில்லை. உள்ளே கைதட்டல் கேட்டது.

விருந்தினர் எழுந்தபோது கண் கலங்கியிருந்தார். நெற்றியைத் துடைக்க வேண்டாம் என்று கைக்குட்டையை மறுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்த மாதிரி எளிய வீட்டில் ஒரு ராத்திரி தங்க மாட்டோமா என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது. ஐந்து மணிக்கு ஃப்ளைட், அதனால் முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். இந்தத் துளி நம் சொத்து. இன்னும் நூறு வருஷம் கழித்தும், இங்கே பிறக்கிற ஒவ்வொரு குழந்தையின் தலையிலும் இது விழ வேண்டும். அதற்கு என்ன செலவானாலும் பேரவை பின்வாங்கக் கூடாது."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்ற ராஜகுமாரிதான் கூட்டத்தில் கைதட்டாத ஒரே ஆள். பிறகு விருந்தினர் வாசல் சுவரில் ஒரு பித்தளைப் பலகையைத் திறந்துவைத்தார். துரை பெயர், 1886, பதினோரு நாள், அடியில் செயலாளர் பெயர், விருந்தினர் பெயர். நான்கு திருகாணி. பலகையைச் சுற்றி மூன்றடிக்குள் யாரும் சுரண்டவோ, துடைக்கவோ, வெள்ளை அடிக்கவோ கூடாது என்று அறிவித்தார்கள். எந்த ஆபத்து வந்தாலும் பலகையைப் பாதுகாப்பேன் என்று பொன்ராஜை வலது கையை நீட்டி உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். பூவாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு எடுத்தான்.

ஐப்பசி பத்தாம் தேதி குன்னூர் பெரியாஸ்பத்திரியில் ராஜகுமாரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே நிஜ மழையும் பிடித்துக்கொண்டது, பூவாளி தேவைப்படாத மழை. தொட்டிலை உத்தரத்தின் இந்தக் கோடிக்குத் தள்ளினால் சாரல், அந்தக் கோடிக்குத் தள்ளினால் சொட்டு. பாப்பம்மாள் செம்பை மாற்றி மாற்றிக் கொட்டினாள். ஆறாம் நாள் குழந்தைக்கு மூக்கடைத்து, பால் குடிக்க முடியாமல் மூச்சு இழுத்தது. ஈரம் படாமல் வைத்துக்கொள்ளாவிட்டால் நெஞ்சுச் சளியாகிவிடும் என்று நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பொன்ராஜுக்குப் பயம் வந்தது. மகளைக் காரமடைக்கே திருப்பி அனுப்பலாமென்றால் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மேலே ஊட்டிக்கு மட்டும் பஸ் ஓடியது.

பேரவை ஆபீஸ் ஊட்டியில் ஒரு மாடியில் இருந்தது. உள்ளே ஹீட்டர் எரிந்தது. பொன்ராஜ் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். அவன் தகரம் இரண்டையும் திருப்பிக் கொடுத்தால் போதும், தானே ஏறி அடைத்துக்கொள்வான், மழை விட்டதும் தானே பிடுங்கியும் கொடுத்துவிடுவான்.

செயலாளருக்கு அவன்மேல் கோபமில்லை. உட்காரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார்.

"பாருங்க பொன்ராஜ், கூரையைத் தொடணும்னா கூரைத் துணைக்குழு கூடணும். துணைக்குழுவுல ஆறு பேர். மழைக்காலத்துல ஆறு பேரும் கோயமுத்தூருக்கு எறங்கிடுவாங்க. இந்தக் குளிருல, ஈரத்துல, வயசானவங்க எப்படி இருக்க முடியும்? நீங்களே சொல்லுங்க. நானே எங்க காட்டேஜ்ல ஒரு மூலை கசியுதுன்னு நேத்துதான் ஆள் உட்டு ஷீட் மாத்தினேன்."

"அதுக்குத் துணைக்குழு கூடுச்சுங்களா?" என்று பொன்ராஜ் கேட்டான். குத்தலாகக் கேட்கவில்லை, வழிமுறை தெரிந்துகொள்ளத்தான்.

"அது எழுபத்திநாலுல கட்டின வீடுங்க. அதுக்கு ஏது வரலாறு? என் வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை" என்று செயலாளர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். குழந்தை விஷயத்தில் பேரவைக்கு மிகுந்த அனுதாபம் உண்டென்றும், ஆனால் பேரவையின் இருப்புப் பட்டியலில் குழந்தை இல்லையென்றும், பட்டியலில் இல்லாத பொருளுக்குப் பாதுகாப்பு விதி எதுவும் பொருந்தாதென்றும் எடுத்துச் சொன்னார். தை மாதம் மனுக் கொடுக்கும்படி யோசனையும் கூறினார்.

பொன்ராஜ் எழுந்தான். கதவு வரை போனவன், காப்பாளர் என்ற முறையில் சொல்லவேண்டியது ஒன்று பாக்கியிருப்பது ஞாபகம் வந்து திரும்பினான்.

"அந்தப் பலகை மழைல நனைஞ்சு பச்சை பூத்துருச்சுங்க. உங்க பேரு இருக்கற எடத்துல இன்னுங் கொஞ்சம் சாஸ்தி."

செயலாளர் டீ கப்பைக் கீழே வைத்தார். அப்புறம் நடந்ததைப் பொன்ராஜ் பல நாள் வரைக்கும் ஆச்சரியத்தோடு சொல்லிக்கொண்டிருந்தான். கோயமுத்தூருக்கு ஆறு போன் பறந்தன. துணைக்குழு போனிலேயே கூடியது, பதினோரு நிமிஷத்தில் ஒருமனதாகத் தீர்மானித்தது. டைப் அடித்து, சீல் வைத்து, ஒரு பிரதியைக் காப்பாளர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கமலேஷ் ஆட்களோடு வந்து வேலையை முடித்துவிடுவான்.

திரும்பும் பஸ்ஸில் அந்தத் தாளைப் பொன்ராஜ் மூன்று தடவை படித்தான். 'பலகைக்கு நேர் மேலே, பலகை ஒருக்காலும் நனையாவண்ணம், ஃபேக்டரியில் உள்ள இரண்டு தகரங்களையும் உடனடியாகப் பொருத்த வேண்டியது.' அவனுடைய தகரமேதான். வாசல் சுவருக்குக் குடை பிடிக்கப் போகிறது, மூன்றடி தள்ளி உள்ளே பேத்தி நனைந்துகொண்டு கிடப்பாள்.

வீட்டுக்கு வந்து பாப்பம்மாளிடம் வாசித்துக் காட்டினான். அவள் தொட்டிலை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, பலகை எங்க இருக்கோணும்னு அதுல போட்டிருக்குதுங்களா?"

பொன்ராஜ் தாளைப் புரட்டிப் பார்த்தான். பின்பக்கமும் பார்த்தான். போடவில்லை.

"ஆபத்து வந்தா காப்பாத்தறேன்னு கைய நீட்டிச் சத்தியம் பண்ணுனீங்கல்லங்க. மழைல நனையுது, உள்ள எடுத்துட்டு வாங்க" என்றாள்.

நான்கு திருகாணிதானே. இருட்டுவதற்குள் பலகை உள்சுவரில், தொட்டிலுக்குத் தலைமாட்டில், ஒழுகலுக்கு நேர் கீழே ஏறிவிட்டது. ஓர் ஆணியைத் தொடமாட்டேன் என்று மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டவன், திருகாணி நான்கையும் ஒருமுறைக்கு இருமுறை முறுக்கிப் பார்த்துக்கொண்டான்.

காலையில் கமலேஷ் ஆட்களும் தகரமுமாக வந்து, வாசல் சுவரில் நான்கு ஓட்டைகளைப் பார்த்துத் திகைத்தான். உள்ளே வந்தான். பலகையைப் பார்த்தான், அண்ணாந்து ஒழுகலைப் பார்த்தான், தொட்டிலுக்குள் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த குழந்தையையும் பார்த்தான். சிவப்பு வட்டம் போட்டவன் அவன்தான். தகரம் ஏறினால் டன்பார் ஒழுகல் வரலாற்றிலிருந்தே போய்விடும். செம்பில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

கமலேஷ் தாளை வாங்கி ஒருமுறை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தான்.

"ஆர்டர்ல பலகைக்கு நேர் மேலன்னுதாங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஏணியை எடுத்து வரச் சொன்னான்.

பத்து நாள் கழித்துச் செயலாளர் நேரில் பார்வையிட வந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பலகை இடம் மாறியிருப்பதைக் கண்டு புருவத்தை உயர்த்தினார். துரை படுத்த இடத்துக்கே பலகை போய்விட்டது பொருத்தமாக இருக்கிறது என்று கமலேஷ் எடுத்துக்கொடுத்ததும், அது தன்னுடைய யோசனைதான் என்பது அவருக்கு மெல்ல ஞாபகம் வந்தது. தன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. ஒழுகலைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நோட்டை எடுத்து 'பலகை நலம்' என்று எழுதிக்கொண்டார். கீழே தொட்டிலில் குழந்தை சளியெல்லாம் தீர்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. அதை எழுத நோட்டில் பத்தி இல்லை.

ஜீப் போனதும் பொன்ராஜ் அடுப்படிக்குப் போய் ஒரு கரித்துண்டு எடுத்துவந்தான். ராஜகுமாரி குழந்தையைத் தூக்கிச் சுவரோடு நிமிர்த்திப் பிடித்தாள். பாதம் தரையைத் தொட, பாப்பம்மாள் தலையைத் தாங்கிக்கொண்டாள். பொன்ராஜ் குனிந்து, பேத்தியின் தலைக்கு மேலே கொஞ்சம் அழுத்தமாகவே ஒரு கோடு போட்டான்.

பலகையிலிருந்து அளந்து பார்த்தான். இரண்டேகால் அடி. மூன்றடிக்குள் யாரும் சுரண்டக் கூடாது.